இடது பக்கத்துப் படம்

அந்தப் பெட்டியை வீட்டுக்குள் விட்டதே என் தப்பு. கும்மிடிப்பூண்டி ஸ்டீல் மில்லில் உருக்குவதற்கு வெளிநாட்டுப் பழைய இரும்பு கன்டெய்னர் கன்டெய்னராக வரும். அதில் கிடந்ததென்று போன வருஷம் என் வீட்டுக்காரர் எட்வர்ட் தூக்கி வந்தார். தகரப் பெட்டிக்குள் இரண்டு கண்ணாடி வைத்த மரக் கருவி ஒன்று, கூடவே முப்பது அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரே படம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடவை. விமானம் வந்த புதிதில் அதில் ஏறிப் பறந்த வெள்ளைக்காரர்களின் படங்கள்.

"குப்பையெல்லாம் கொண்டாந்து ஊட்ல சேக்குறியே, இன்னாயா இது?" என்று கத்தினேன். அவர் கருவியை என் கண்ணில் வைத்தார். யேசப்பா! இரண்டு படமும் ஒன்றாகி, துணி றெக்கை என் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு வந்தது. அதன்மேல் மீசைக்காரன் ஒருவன் குப்புறப் படுத்திருந்தான். அவனுக்கும் கீழே தெரிந்த புல்லுக்கும் நடுவில் அத்தனை ஆழம். எனக்குக் கால் கூசியது.

"கிரேன்ல குந்திகினு கீழ பாத்தா எனக்கும் இப்டித்தான் இருக்கும் ஜெபா. பெல்ட்டு கூட இல்லாம படுத்துகினு கீறான் பாரு, தில்லான ஆளு" என்றார். பதினாறு வருஷமாக மில்லில் கிரேன் ஓட்டுகிறவர். உருக்கிய இரும்புக் கொப்பரையை ஆட்களுக்கு மேலே தூக்கிப் போய் விரற்கடை பிசகாமல் இறக்குவார். கீழே நின்று விசில் அடித்து வழிகாட்டுவது என் தம்பி ஜெகன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்தால் எட்வர்டுக்கு அந்த அட்டைகள்தான் உலகம்.

மூன்று மாதத்துக்கு முன்னால், கிரேனுக்கு ரிப்பேர் வேலை நடந்தபோது, இரும்புச் சில்லு தெறித்து அவர் இடது கண்ணில் ஏறியது. ஆபரேஷன், கட்டு, லீவு. பிறகு கண் டெஸ்ட்டில் பாஸாகி மறுபடியும் கிரேன் ஏறிவிட்டார். நானும் ஸ்தோத்திரம் சொன்னேன். ஆனால் வீட்டில் டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். சாவியைப் பூட்டுக்குப் பக்கத்தில் குத்தினார். கேட்டால், "தூக்கம் இல்ல, பேஜார் பண்ணாத" என்று எரிந்து விழுந்தார். அந்தக் கண் தெரிகிறதா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீசைக்காரன் அட்டையை எடுத்தேன். இடது பக்கத்துப் படத்தின்மேல் என் பாஸ்போர்ட் போட்டோவைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன். கருவியில் சொருகி அவரிடம் கொடுத்தேன். இரண்டு கண்ணும் தெரிகிறவனுக்கு என் மூஞ்சி தெரியாமல் போகாது.

"இன்னா தெரியுது?"

"தெரிஞ்ச படம்தான? மீசைக்காரன் படுத்துகினு கீறான். றெக்கை அப்டியே மூக்குல வந்து இடிக்குது."

நான் அழுதுவிட்டேன். அட்டையை உருவி அவர் கையில் வைத்தேன். போட்டோவைப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"டெஸ்ட்ல வலது கண்ணால பட்ச்சத மனப்பாடம் பண்ணி, இடது கண்ணுக்கும் அதையே ஒப்பிச்சிட்டேன்" என்றார். "கீழ எறங்கிட்டா நான் யாரு ஜெபா? கண்ணு இல்லன்னா இன்னா, என் கை பழகின கை. இந்த ஒரு மாசமா ஒரு வாட்டியாவது தப்பா எறக்கினேனா? யாராண்டயும் சொல்லாத."

மறுநாள் காலை அவருக்கு முந்தின பஸ்ஸில் நான் ஏறினேன். சூப்பர்வைசர் ஆதிநாராயணனிடம், "சார், அவருக்கு இடது கண்ணு தெரியாது" என்றேன். கிரேன் ஏணியில் பாதி ஏறியவரைக் கூப்பிட்டு இறக்கினார்கள். அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. பாவி மனுஷன், திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது மில் கேட்டில் லாரி நம்பர் எழுதுகிறார். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். இருபது நாளாக ஒரு வார்த்தை இல்லை.

நேற்று ஜெகன் வந்தான். "இன்னாத்துக்குக்கா மாமாவ போட்டுக் குடுத்த?"

"உன் தலைக்காகத்தான்டா!"

"மாமாவுக்குக் கண்ணு தெரியலன்னு எனக்கு மொத நாளே தெரியும். ஒவ்வொரு வாட்டியும் கொப்பரை ரெண்டடி தள்ளித்தான் வரும். நான்தான் விசில மாத்தி மாத்தி அடிச்சி நேர் பண்ணிகினு இருந்தேன்."

ஓங்கி ஒரு அறை விட்டேன். "கூட நின்ன மத்தவங்களுக்குத் தெரியுமாடா இது?"

அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் பார்த்தான். திரும்பினேன். எட்வர்ட் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்போ... என் கை இல்லியாடா அது?" என்று ஜெகனைக் கேட்டார்.