ஆளுக்கொரு முனை

என் மீசை பெரியது. தைரியம் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்த என் மனைவி எல்லம்மா காய்ச்சலோடு துவைக்கக் கிளம்பியபோது, துணிமூட்டையைப் பிடுங்கிக்கொண்டு நானே குளத்துக்கு நடந்தேன். படித்துறையே திரும்பிப் பார்த்தது.

அவள் அண்ணன் ஜம்புலிங்கம் சிரித்தான். “இன்னா மச்சான், பொண்டாட்டி பொடவைய தொவச்சிகினு கீற? மீசைய எடுத்துடேன்!”

“ஆவடி பட்டாளத்துல வெள்ளக்கார சோல்ஜருங்களே துணி தொவைக்கிறானுங்க. சண்டைக்கும் அவனுங்கதான் போறானுங்க.”

“அது அவனுங்க ஊரு வழக்கம். இது திருமுல்லவாயலு!”

எனக்குக் கால் நடுங்கியது. தண்ணீருக்குள் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை.

“நாளைக்கும் வருவேன். மீசையோடதான் வருவேன். உன் தங்கச்சி பொடவதானே? அந்த முனைய புடி, பிழியணும்.”

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பிடித்தான். என்னைவிட நன்றாகவே பிழிந்தான்.