இருவருக்குக் கிடைத்த ஏழாம் எண்

2014 நவம்பர் 18, செவ்வாய். முதலில் என் பிழையை எழுதிவிடுகிறேன். ஜூலை 13, ஞாயிறன்று மூன்றாவது வைஃபை பெட்டியை மாட்டியபோது, அதில் ஒரு டிக்கை எடுக்காமல் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுக்காரர் பழனிவேலின் மகள் வினோதினிக்கும், பின்வரிசையில் என் பக்கத்து அறையில் குடியிருக்கும் வெல்டர் இசக்கிதுரைக்கும் சேர்த்து ஒரே வயிறுதான்.

பழனிவேல் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். தண்டலம் பக்கம் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும் மகளுக்காக நெட் போட்டார். பெட்டி கூடத்தில் இருந்தது. சிக்னல் மாடிப்படியோடு நின்றுவிட்டது. நான் ஸ்ரீபெரும்புதூரில் மாலை வகுப்பில் நெட்வொர்க்கிங் படிப்பது தெரிந்து என்னைக் கூப்பிட்டார். மாடியில் ஒன்று, பின்வரிசை அறைகளுக்கு முன்னால் ஒன்று என்று ஒயர் இழுத்து மேலும் இரண்டு பெட்டிகளை மாட்டினேன். மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். பேசிக்கொண்டே கூடத்திலிருந்து கிணற்றடி வரை நடந்தாலும் அறுபடாது. இப்படி மாட்டும்போது, வந்து சேரும் ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் எண் கொடுக்கிற வேலையை ஒரு பெட்டிதான் செய்ய வேண்டும். மற்றவை வாங்கிக் கடத்தினால் போதும். வகுப்பில் இதை இரண்டு முறை சொன்னார்கள். என் நோட்டில் அடிக்கோடு இருக்கிறது. மாடிப் பெட்டியில் அந்த வேலைக்கான டிக்கை எடுத்தேன். பின்வரிசைப் பெட்டியில் எடுத்ததாக நினைத்துக்கொண்டேன். அது தன் பாட்டுக்கு எண் கொடுத்தது. கூடத்துப் பெட்டி வினோதினியின் லேப்டாப்புக்கு ஏழாம் எண்ணைக் கொடுத்திருந்தது. பின்வரிசைப் பெட்டி இசக்கிதுரையின் போனுக்கும் அதே ஏழாம் எண்ணைக் கொடுத்தது. அப்படி ஆனால் நெட் விட்டு விட்டு வரும் என்று பாடத்தில் இருக்கிறது. அதுவும் நடந்தது. மற்றது பாடத்தில் இல்லை.

ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனை நினைத்து விரதம் இருந்த வினோதினி, காலை பதினொரு மணிக்கு ஏப்பம் விட்டாள். கருவாட்டு வாசம் கூடம் முழுக்கப் பரவியது. “இன்னாடி இது? கிருத்திகை அதுவுமா யார் வூட்ல போய்த் துன்னுட்டு வந்த?” என்றார் அவள் அம்மா தாயாரம்மாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அவள் சொன்னது எடுபடவில்லை. ஆகஸ்டில் அவள் இடது மணிக்கட்டில் தீப்பொறி பட்ட புள்ளிகள் வந்தன. செப்டம்பரில் தலைமுடியில் வெல்டிங் புகை வாசம் ஏறி, மூன்று முறை சீயக்காய் போட்டும் போகவில்லை. தண்ணீர் பிடிக்க வந்த இசக்கிதுரையின் இடது மணிக்கட்டைத் தாயாரம்மாள் பார்த்தார். அன்று மதியத்திலிருந்து பின்வரிசைக்குப் போகும் வழியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் சந்தேகப்பட்டேன் என்பதை மறைக்க முடியாது. இருவரும் பேசிக்கொண்டதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதையே அவர்களுடைய சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் தாயாரம்மாள் மகளின் ஹால் டிக்கெட்டை பீரோவில் வைத்துப் பூட்டினார். படித்தது போதும், வாலாஜாபாத்தில் இருக்கும் அத்தை மகன் கோபிநாத்துக்குப் பேசி முடித்துவிடலாம் என்று முடிவானது. வினோதினி அழுதாள், பிறகு அழாமல் படித்தாள். இசக்கிதுரையை இன்று மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். “அந்தப் பிள்ள மொகத்தக்கூட நான் நேரா பாத்ததில்லலே. எதுக்கு என்னய வெரட்டுதாவ?” என்று கேட்டுக்கொண்டே அவர் மூட்டை கட்டினார்.

கூடமாட உதவப் போன நான் சுவரிலிருந்து அவருடைய காலண்டரைக் கழற்றினேன். ஆகஸ்டிலிருந்து மாதத்துக்கு மூன்று நாள் வட்டம் போட்டிருந்தது. என்னவென்று கேட்டேன். “லீவுலே. இடுப்பு கழண்டு விழுதாப்ல இருக்கு. ஸ்கேன்ல ஒண்ணுமில்லங்காவ. நடிக்கேன்னு சூப்பர்வைசர் மெமோ குடுத்துட்டாரு.” சந்தேகத்தோடு என் போனில் பின்வரிசைப் பெட்டியின் பக்கத்தைத் திறந்தேன். டிக் இருந்தது. இசக்கிதுரைக்கு எதிரே ஏழு என்று இருந்தது. கூடத்துப் பெட்டியில் வினோதினிக்கு எதிரேயும் ஏழு. வட்டங்களை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் காலண்டரை எடுத்துக்கொண்டு தாயாரம்மாளிடம் போனேன். எண் விஷயத்தை நான் விளக்கியதை அவர் காதில் வாங்கவே இல்லை. சாமி ரூமுக்குள் எப்போது போகலாம், போகக் கூடாது என்பதற்காக மகளின் நாட்களைத் தன் காலண்டரில் புள்ளி வைத்து வருகிறவர் அவர். இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரல் ஓட்டினார்.

“போன மாசம் ரெண்டு நாள் தள்ளிப்போச்சே,” என்றார், என்னைப் பிடித்துவிட்ட குரலில்.

வட்டமும் இரண்டு நாள் தள்ளித்தான் இருந்தது.

தாயாரம்மாள் இரண்டு காலண்டரையும் கீழே வைத்தார். பிறகு பின்வரிசையைப் பார்த்து, “பாவி, ஆம்பளப் புள்ள இத யாராண்ட போய்ச் சொல்லுவான்?” என்றார். டிக்கை எடுத்தேன். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன். லேப்டாப்புக்கு ஏழு, போனுக்கு இருபத்தொன்று என்று ஆனது. சரிபார்க்க இசக்கிதுரைக்கு எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தேன். கூடத்தில் வினோதினி கண்ணை இறுக்கி மூடி நாக்கைச் சப்புக்கொட்டினாள். எண் பிரிந்தது, வயிறு பிரியவில்லை. இதற்கு என்ன காரணம் என்று தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பழனிவேல் தன் முட்டிவலி யாருடையது என்று அறை அறையாகப் போய் எல்லோருடைய நடையையும் பார்த்துவிட்டு வந்தார். தாயாரம்மாள் ஹால் டிக்கெட்டை எடுத்து மகளிடம் கொடுத்தார். வழியில் போட்ட நாற்காலியை மட்டும் எடுக்கவில்லை. இசக்கிதுரையின் மூட்டையை அவிழ்க்கச் சொன்னவர் என் பக்கம் திரும்பினார்: “இவன் பட்டினி கெடந்தா அது பரிச்ச ஹால்ல மயங்கி வுழும். காசிராஜன், நீ வெச்ச வெனை, நீயே கூட இருந்து பாத்துக்க. பரோட்டா பக்கம் போனான், தெரியும் சேதி.”

“எனக்கு இட்லி பிடிக்காதும்மா,” என்றார் இசக்கிதுரை.

“அதுக்குப் பிடிக்கும். துன்னு.”

நாளை பத்து மணிக்குத் தேர்வு. இசக்கிதுரைக்கும் எனக்கும் காலை ஷிப்டுக்கு லீவு சொல்ல வேண்டும். எட்டரைக்கு அவருக்கு ஆறு இட்லி, காரமில்லாத சட்னி. பத்திலிருந்து ஒரு மணி வரை அவரைத் தூங்க விடாமல் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும்.