தையல்காரரின் சம்மதம்

டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளுக்குப் பிரேக்கம்மா என்று பெயர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவள் போடும் “பிரேக்!” சத்தத்துக்கு எதிரில் வருகிற வண்டிகூட நின்றுவிடும். அப்பேர்ப்பட்டவள் வீட்டில் ஒரே ஒரு ஆசைக்காக ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். பஞ்சவர்ணக் கிளி வளர்க்க வேண்டும். மக்காவ் என்கிறார்களே, அந்த நீலமும் மஞ்சளுமான பெரிய ஜாதி. அதையும் குஞ்சிலிருந்தே வளர்க்க வேண்டும்.

அவள் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. அவரிடம் எதைக் கேட்டாலும் ஆமாம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. முதலில் தொண்டையைக் கனைப்பார். பிறகு “பார்க்கலாம்” என்பார். கல்யாணப் பேச்சின்போதும் இதையேதான் சொன்னாராம்.

முதலில் அவள் அவசரப்பட்டுக் கடைத்தெருவுக்குப் போனாள். ஒருவன் செருப்பு டப்பாவைத் திறந்து, இறகுகூட முளைக்காத குஞ்சைக் காட்டினான். இப்போதே கொண்டுபோய் ஊட்டினால்தான் ஒட்டிக்கொள்ளும் என்றான். தாய் எங்கே, காலில் அடையாள வளையம் எங்கே, காகிதம் எங்கே என்று கேட்டால் எல்லாம் பின்னால் வரும் என்றான். குஞ்சின் கழுத்தடி இரைப்பை காய்ந்து ஒட்டிக் கிடந்தது. அப்படியே அள்ளிக்கொண்டு ஓடிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் இது காலியானால் நாளைக்கே அதே டப்பாவில் இன்னொன்று வந்துவிடுமே. பிரேக்கம்மா தனக்குத்தானே பிரேக் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

அதன் பிறகு விசாரித்து விசாரித்து, வீட்டிலேயே கிளி வளர்த்துக் குஞ்சு கொடுக்கும் கிளிக்கார அம்மாவைக் கண்டுபிடித்தாள். அந்த அம்மா கேட்பதற்கு முன்பே தாயையும் தகப்பனையும் காட்டினார், வளையத்தைக் காட்டினார், காகிதங்களை எடுத்து வைத்தார். ஆனால் குஞ்சு தானாகக் கொறித்துத் தின்னப் பழகும்வரை வீட்டுக்கு அனுப்ப மாட்டாராம். அதுவரை வந்து வந்து பார்த்துவிட்டுப் போகலாம். பகலெல்லாம் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டார். தையல்காரர்தான் என்றாள்.

“அப்ப கிளி வளரப்போறது அவர்கூடத்தான். இது நம்ம ஆயுசுக்குப் பக்கத்துல வாழுற ஜீவன்மா. வீட்டுல ஒருத்தருக்கு ஆசை, இன்னொருத்தருக்குத் தொல்லைன்னா, கடைசியில அவஸ்தைப்படுறது அதுதான். அவர் வாயால சரின்னு சொல்லட்டும், தர்றேன்.”

அந்த மனுஷர் வாயாலா? பிரேக்கம்மாவுக்குக் கண்ணைக் கட்டியது.

ஞாயிறுதோறும் அவரை இழுத்துக்கொண்டு போனாள். உடம்பில் பாதி அலகாக இருந்த குஞ்சு, தன் கால் தடுக்கித் தானே விழுந்து எழுந்து அவள் மடிக்கு வரும். ஸ்பூனில் கூழைக் காட்டினால் உடம்பையே ஆட்டி ஆட்டி விழுங்கும். பசி வந்தால் அது போடுகிற கூச்சலைக் கேட்டு ஹார்ன் என்று பெயர் வைத்தாள். தையல்காரர் வாசலோர நாற்காலியில் உட்கார்ந்து இன்ச் டேப்பைச் சுற்றிக்கொண்டிருப்பார். என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டால் ஒரு கனைப்பு. பார்க்கலாம். மேலும் கேட்டால், அலகைப் பார்த்தாயா, பட்டனைப் பிடுங்கவே கடவுள் செய்து கொடுத்த கருவி என்பார்.

“உங்ககிட்ட ஒரு சரி வாங்குறதுக்குள்ள குஞ்சுக்கு நரைச்சுடும்” என்று அவள் பொரிந்து தள்ளினாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. போதாக்குறைக்கு, நூல் வாங்கப் போகிறேன் என்று வாரநாட்களில் அடிக்கடி காணாமல் போனார். ஊருக்கே தைக்கப்போகிற மாதிரி வீட்டில் நூல்கண்டு குவிந்தது. தையல்காரர் சட்டையிலேயே பட்டன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஏன் என்றால், நூல் சரியில்லையாம். அவளுக்கு இருந்த கவலையில் அதற்குமேல் துருவவில்லை.

ஹார்னுக்கு இறகெல்லாம் நிறைந்தது. ஒருநாள் பாதாம் ஓட்டைத் தானே உடைத்துத் தின்றது. கிளிக்கார அம்மா இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். இதே குஞ்சைக் கேட்டு இன்னொரு குடும்பம் காத்திருக்கிறது, இன்றைக்கு முடிவு தெரிய வேண்டும் என்றார்.

பிரேக்கம்மா முன்கையில் ஹார்ன் உட்கார்ந்திருந்தது. எத்தனையோ பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள், அதை இறக்கி வைக்க மனமில்லாமல் நின்றாள். கிளிக்கார அம்மா தையல்காரர் பக்கம் திரும்பினார். அவர் தரையைப் பார்த்தார்.

கனைப்புச் சத்தம் கேட்டது. வரப்போகிற வார்த்தை தெரிந்ததுதானே. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நிமிர்ந்து பார்த்தால், அவர் வாய் மூடியபடியே இருந்தது.

அவள் கையிலிருந்த ஹார்ன் கழுத்தை நீட்டி மறுபடி கனைத்தது. அச்சு அசலாக அவர் குரலில், “வரேன்” என்றது.

தையல்காரர் திருதிருவென்று விழித்தார். கிளிக்கார அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“கிளம்புறப்ப ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்லிட்டுப் போவார். மடியில வச்சுக் கூழ் ஊட்டுவார். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எனக்குக் கண்டிஷன். நானும் சரின்னு சொல்லுங்கன்னு கேட்டுப் பார்த்துட்டேன், வாயைத் திறக்கணுமே.”

“நூல் வாங்கப் போனீங்களே?” என்றாள் பிரேக்கம்மா.

“வர்ற வழியில வாங்கினேன்.” அசடு வழிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “உன் ஆசைக்காக சரின்னு தலையாட்டிட்டு, அப்புறம் என்னால முடியலைன்னா? அது எங்கே போகும்? அதான் பார்க்கலாம்னு சொன்னேன். பார்த்துட்டுத்தான் இருந்தேன்.”

அந்த வார்த்தைக்கு அப்படியும் ஓர் அர்த்தம் உண்டென்று இத்தனை வருடக் குடித்தனத்தில் அவளுக்குத் தோன்றியதே இல்லை. மனுஷர் மேல் அவளுக்குப் பிரியம் பொங்கிவந்தது. ஹார்ன் அவள் கையிலிருந்து அவர் தோளுக்குத் தாவி, மிச்சமிருந்த ஒரே பட்டனைக் கவ்வியது.

“சரி” என்றார் தையல்காரர். கனைக்கவே இல்லை.

வீட்டுக்கு அவள்தான் காரை ஓட்டினாள். அவர் பின்சீட்டில் ஒரு கையால் சட்டையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கூண்டை அணைத்தபடி இருந்தார். முதல் வேகத்தடை வந்தது. “பிரேக்!” என்று அவர் போட்ட சத்தத்தில் முன்னால் போன வண்டியும் நின்றுவிட்டது.