கோபியின் படங்களுக்குள் தாரிகா எழுதியது

1

இதைச் செய்தியாக எழுதத்தான் சாவகச்சேரிக்குப் போனேன். ஒரு கலியாணப் படத்துக்கு இரண்டு ஸ்ரூடியோக்கள் உரிமை கோரின. படப்பிடிப்பாளர் சங்கம் விசாரித்தது. நான்கு வரியில் செய்தி முடிந்தது. குறிப்புப் புத்தகத்தில் எட்டுப் பக்கம் மிஞ்சியது.

முதல் தொடக்கம்: ‘வானம் இருண்டிருந்த ஒரு காலையில்—’ (இல்லை. நல்ல வெயில்.)

இரண்டாவது: மணப்பெண்ணின் தகப்பன் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைக்கிறார். அதுதான் படம். எடுத்தவன் வின்சன்றின் ஸ்ரூடியோவில் வேலைசெய்யும் கோபிசங்கர். அது வேறொரு ஸ்ரூடியோவின் கலண்டரில் வந்தது. கேட்டதற்கு, “உவன் கோபிதான் எங்களிட்டைக் களவெடுத்தவன்” என்றார்கள்.

(மூலப்படத்தைக் காட்டலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். ஆவணி முகூர்த்தங்கள் நெருக்கம்; கமராவின் கார்ட்டை அழித்துக்கொண்டு அடுத்த கலியாணத்துக்கு ஓடியிருக்கிறார்கள். மிஞ்சிய பிரதி இரு தரப்பிடமும் ஒரேமாதிரி இருந்தது.)

2

இனிச் சாட்சி படத்துக்குள்தான். மூலையில் போடும் முத்திரையை யாரும் வெட்டிவிடலாம். இது வேறு. படத்தின் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் சில எண்கள். அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத அளவு கூட்டிக் குறைத்து ஒரு வரியை உள்ளே எழுதிவிடலாம். அதற்குரிய மென்பொருள்தான் வாசிக்கும்.

எழுதுகிறவள் தாரிகா. கனடா உறவுகளுக்கு அன்றன்றே படம் அனுப்ப, மண்டபத்து மூலையில் மடிக்கணினியுடன் இருப்பவள். ஸ்ரூடியோவின் பெயரை எழுதச் சொல்லியிருந்தார் வின்சன்ற். கோபியின் படங்களில் மட்டும் அவள் எழுதியது வேறு.

“பிள்ளை, உள்ளுக்கை எங்கடை பேர் கிடக்குத்தானே? நாளைக்குச் சங்கக் கூட்டத்திலை பெரிய திரையிலை போட்டுக் காட்டு.”

“...ஓம் அண்ணை.”

3

இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. இவ்வளவு நிதானமான ஒருத்தி இப்படிச் செய்வாளா? அவளிடமே கேட்டேன்.

“கோபியிட்டை நேரிலை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னால் அந்தாள் பகிடி எண்டு சிரிக்கும். படத்துக்குள்ளை ஆரண்ணை பாக்கப்போகினம் எண்டு நினைச்சன்.”

4

முடிவு அ: சங்கக் கூட்டத்தில் தாரிகா, மென்பொருள் பழுது என்கிறாள். அவள் இரகசியம் தப்புகிறது. கோபி கள்ளன் ஆகிறான். (எழுதினேன். கிழித்தேன்.)

முடிவு ஆ, நடந்தது: எதிர்த்தரப்பே கொண்டுவந்த கோப்பை மென்பொருளில் போட்டு விசையை அழுத்தினாள். திரையில்: ‘கோபி இன்னும் சாப்பிடேல்லை. 3.40.’

கலியாண வீட்டில் கமராக்காரருக்குக் கடைசிப் பந்தி. அங்கிருந்த முப்பது பேருக்கும் அது தெரியும். சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.

“எங்கடை பேர் எங்கை பிள்ளை?” என்றார் வின்சன்ற்.

“உந்த வரியை ஆரும் எழுதலாம்” என்றது எதிர்த்தரப்பு.

சங்கத் தலைவர் அடைக்கலநாதன் கேட்டார்: “கோபியின்ரை மற்றப் படங்களிலையும் இருக்கோ, பிள்ளை?”

தலையைக் குனிந்தபடி ஒவ்வொன்றாகத் திறந்தாள். ‘சேட்டுப் பொத்தான் ஒண்டைக் காணேல்லை.’ ‘இருமல். மருந்தெடுக்கச் சொன்னால் கேளான்.’ ‘இண்டைக்கு என்னைப் பாத்துச் சிரிச்சவன்.’

பதினோராவது படத்தில் தலைவர், “காணும், நிப்பாட்டு பிள்ளை. எல்லாம் ஒரே கை எழுதினது; படம் கோபியின்ரைதான்” என்றார். எதிர்த்தரப்பு கலண்டரைச் சுருட்டிக்கொண்டது.

5

கோபி எழுந்து அவளிடம் போனான்.

“தாரிகா, நான்—”

“நீர் ஏன்—”

(அவன் பேசியதாக எழுதிய இரண்டையும் அடித்துவிட்டேன்.)

அவன் சொன்னது எனக்குத் தெரியும். இரண்டாம் வரிசையில் இருந்தேன். ஆனால் அவள் இரண்டு வருஷம் ஒளித்துவைத்ததை முப்பது பேர் வாசித்துவிட்டோம். பதிலாவது அவளுக்கு மட்டும் இருக்கட்டும். பொறுக்கவில்லையென்றால் நீங்களே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம்.