வாசித்துக் காட்டியவன்

ஈஸ்வரிக்குப் பகலில் முகங்கள் தெரியும், அச்செழுத்து தெரியாது. அவள் அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்து, நாற்பது வயதில் பார்வை முழுவதும் போனது. போடியில் ஒரு கிடங்கில் அவள் ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். வெடித்த காயை விரலால் தடவியே ஒதுக்கிவிடுவாள்.

மகள் தமிழினிக்கு ஆறு வயதாகியும் அடுத்த பிள்ளை உண்டாகவில்லை. கணவன் பாண்டியராஜன் அவளைத் தேனிக்குக் கூட்டிப்போனான். பரிசோதித்த டாக்டர், "ஏம்மா, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிட்டு எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"நான் எங்க பண்ணேன்?"

பிரசவம் பார்த்த தனியார் ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை அலைந்து பழைய பதிவின் நகலை வாங்கினார்கள். பாண்டியராஜன் வாசித்தான். சிசேரியனோடு கருக்குழாயையும் அறுத்திருந்தார்கள். சம்மதத் தாளில் அவள் கையெழுத்து இருந்தது. சாட்சிக் கையெழுத்து அவள் அண்ணன் ராம்பிரசாத் போட்டது.

பிரசவத்தன்று பாண்டியராஜன் லாரியில் லோடு கொண்டு கொச்சிக்குப் போயிருந்தான். வலியில் துடித்தவளிடம் தாளை நீட்டி, "மயக்க ஊசி போடுறதுக்காம், கையெழுத்துப் போடு ஆத்தா" என்றவன் அண்ணன்தான்.

பதிவை வாசித்த மறுநாள் காலையில் ஈஸ்வரி ஜீப்பில் மலையேறினாள். போடிமெட்டைத் தாண்டி ஒரு எஸ்டேட்டில் ராம்பிரசாத் மேலாளர்.

"அண்ணே, அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்துச்சு?"

மூட்டை சுமந்துகொண்டிருந்தவர்களை ராம்பிரசாத் திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"பிரசவம் பாத்த டாக்டரம்மாதான் சொன்னாங்க, இது வம்சத்துல ஓடுற நோயி, இதோட நிப்பாட்டிருவோம்னு. அப்பா செவுத்தைத் தடவிக்கிட்டு நடந்ததப் பாத்தவதான நீ? இன்னொண்ணு அப்படிப் பொறக்கணுமா?"

"அப்ப நான் பொறந்திருக்கக் கூடாது. அதான சொல்ற?"

"அப்படிச் சொல்லல ஆத்தா..."

"அதத்தான் சொன்ன! மூஞ்சிக்கு நேரா சொல்லத் துப்பில்லாம, பொய்யா வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கின. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? எனக்குக் கண்ணுதான்டா மங்கல். புத்தியுமா இல்ல?"

அண்ணனை அவள் 'டா' போட்டது அதுவே முதல்முறை. மூட்டை சுமந்தவர்கள் நின்றுவிட்டார்கள். கையைப் பிடிக்க வந்தவனைத் தட்டிவிட்டு இறங்கினாள்.

ஆஸ்பத்திரிமேல் ஈஸ்வரி போட்ட வழக்கை வக்கீல் வீரலட்சுமி எடுத்துக்கொண்டார். "இது உங்க அண்ணன் மூளையில உதிச்சதில்ல," என்றார். "நூறு வருஷத்துக்கு முன்னாடி மேல்நாட்டுல, நல்ல வம்சம் மட்டும் பெருகணும்னு இதுக்குச் சட்டமே போட்டாங்க. கண்ணு தெரியாதவங்க, காது கேக்காதவங்க, புத்தி மட்டம்னு முத்திரை குத்தினவங்க... ஆயிரக்கணக்கான பேருக்குக் கேக்காமலே அறுத்தாங்க. செஞ்சவங்க எல்லாரும் நல்லதுக்குன்னுதான் சொன்னாங்க."

"யாரு நல்லதுக்கு? அந்த டாக்டரம்மாவைக் கூண்டுல நிறுத்தணும்க்கா."

குழாயை மறுபடி இணைக்க வழியில்லை என்று மதுரையில் பரிசோதித்த டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஈஸ்வரியே கேட்டதால்தான் செய்தோம் என்று ஆஸ்பத்திரி பதில் மனு போட்டது. வழக்கு இரண்டு முறை தள்ளிப்போனது. ராம்பிரசாத் சமாதானம் பேச ஆள் அனுப்பினான். அவள் கதவைத் திறக்கவில்லை.

விஷயம் பரவியதும் பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து ஜோதி என்ற காது கேளாத பெண் வக்கீலைத் தேடி வந்தாள். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். அவளுக்கும் கேட்காமலே கருக்குழாயை அறுத்திருந்தார்கள்.

அடுத்த வாய்தாவுக்கு ஈஸ்வரியும் ஜோதியும் ஒரே பஸ்சில் போனார்கள்.