பதில் ஹாரன்

நாகலிங்கம் கையைத் தூக்கினால் பத்து டன் கன்டெய்னர் மேலே போகும், தாழ்த்தினால் இறங்கும். தீவின் ஹேடோ துறைமுகத்தில் கிரேனுக்குச் சைகை காட்டும் வேலை, இருபத்தாறு வருஷம். அந்த வலது கையைத்தான் பக்கவாதம் பிடித்துக்கொண்டது. மாதக் கடைசியில் மெடிக்கல் போர்டு. விரல்கள் விரிந்தால் வேலையும் குவார்ட்டர்ஸும் உண்டு. இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கட்டிக்கொண்டு எங்கே போவது? மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். மகன் கடல் தாண்டி மெயின்லேண்டில் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மின்னி பே பகுதியில் இருக்கும் சங்கவி பிசியோதெரபி படித்தவள். நோயாளிகள் வீட்டிலேயே பயிற்சி செய்ய ஒரு ஆப் தயாரித்துக்கொண்டிருந்தாள். சோதித்துப் பார்க்கப் பன்னிரண்டு பேர். அதில் இவர் ஒருவர். போன் எதிரே விரல்களை மூடித் திறந்தால் அது எண்ணும். பத்து முடிந்தால் பச்சை டிக் விழும்.

"ஆப் இன்னும் பாதிதான் அங்கிள் ஆயிருக்கு. நீங்க மூணு நாள் செய்யலைன்னா எனக்குத் தெரிஞ்சுடும், நானே போன் பண்ணுவேன்" என்றாள்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

காய்ச்சலில் மூன்று நாள் விட்டபோது போன் வந்தது. சுண்டுவிரலில் ஆரம்பித்து, ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகில் தான் வாந்தி எடுத்த கதைவரை பேசினாள். இருபது நிமிஷம்! அந்த வீட்டில் அவரோடு யாரும் அவ்வளவு நேரம் பேசிப் பல மாதமாகியிருந்தது. அப்புறம் என்ன, மனிதர் ருசி கண்டுவிட்டார். மூன்று நாள் விடுவார், போன் வரும், ஒரு நாள் செய்வார், மறுபடி விடுவார். கை மரக்கட்டையாகிக்கொண்டு வந்தது.

சங்கவி நேரிலேயே வந்துவிட்டாள். "க்யா அங்கிள், போர்டுக்குப் பதினாறு நாள்தான் இருக்கு. ஏன் விட்டு விட்டுச் செய்யறீங்க?"

உண்மையைச் சொல்லத்தான் நினைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயில் வந்த வேறொன்றைச் சொன்னார்.

"வார்ஃப்ல கை காட்டினா கிரேன்காரன் ஹாரன் அடிச்சுப் பதில் சொல்லணும்மா. இதுல ஒண்ணும் வர்றதில்ல. யாருக்குக் காட்டுறோம்னே தெரியல."

"அட, இது எனக்குத் தோணவே இல்லையே!" என்ற சங்கவியின் முகம் மலர்ந்தது. இரண்டே நாளில் அசல் கிரேன் ஹாரனைச் சேர்த்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண், கேட்டதைச் செய்து கொடுத்தாள்.

அன்று காலை நாகலிங்கம் போன் எதிரே வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். விட்டால் அவள் குரல் வரும். செய்தால் கை வரும். கடைசியில் விரலை விரித்தார். பத்து முடிந்ததும் காலி வீட்டில் ஹாரன் அலறியது. பதினாலு நாளும் ஒன்றுவிடாமல் செய்தார். பதினாலு நாளும் போன் வரவில்லை.

போர்டில் ஐந்து விரலும் விரிந்தன. வெளியே வந்ததும் அவரே சங்கவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"சூப்பர் அங்கிள்! அப்ப உங்களை லிஸ்ட்ல இருந்து எடுத்துடறேன். ஒரு புது பேஷன்ட் காத்துக்கிட்டிருக்காங்க."

"டீக் ஹைம்மா, அப்படியே செய்" என்றார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வலது கையாலேயே போனைப் பிடித்துப் பேசியதை அவளிடம் சொல்லவில்லையே என்று அப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது.