பதின்மூன்றாம் கட்டம்

பன்னிரண்டு என்ற எண்ணோடு எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. அதை மூன்றால் வகுக்கலாம், நான்கால் வகுக்கலாம். மாதங்களுக்கும் கடிகாரத்துக்கும் அது பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அந்த வசதியைக் காரணம் காட்டி என் மனைவி ஓர் எழுத்தையே நாடு கடத்தத் துணிந்தபோது, முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் இலக்கணம் கற்பித்தவன் வாயை மூடிக்கொண்டிருக்க இயலுமா?

மருமகளுக்கு அப்போது எட்டாம் மாதம். வரப்போகும் குழந்தைக்கு வீட்டில் ஓர் அறை வேண்டும் என்றார்கள். வேண்டும்தான். அது என் படிப்பறையாகவே இருக்க வேண்டும் என்று மற்ற எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்; வாக்கெடுப்பு நடந்தபோது நான் பால் வாங்கப் போயிருந்தேன். என் மேசை நடைவழிக்கு வந்தது. அகராதிகள் கட்டிலுக்கு அடியில் போயின. அவை இருந்த அலமாரியில் வெள்ளை, மஞ்சள், இளம்பச்சை என்று கம்பளி நூல் உருண்டைகள் பூனைக்குட்டிகளைப் போல ஒண்டிக் கிடந்தன.

அறைக்குள் தையல் இயந்திரத்தின் முன் என் மனைவி. வீட்டிலிருந்தபடியே உடை தைத்துக் கொடுப்பவள். எங்கள் தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். சன்னலோரத்தில், பின்னல் ஊசிகளோடு அவளுடைய தங்கை. இவள் என்னை ‘அத்தான்’ என்று அழைக்கும்போதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் ஒரு குண்டூசியைச் செருகியே அழைப்பாள். கண்ணிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டு குழந்தைக்குக் காலுறை பின்னினாள். “முப்பத்தாறு, முப்பத்தேழு, அக்கா, அந்தக் கம்பளி நூலை இப்படிப் போடு” என்பாள். ‘போடு’ என்பது எறிவதையும் குறிக்கும், ‘கொடு’ என்பதே இங்குப் பொருந்தும் என்று நான் விளக்குவேன். அவளுக்கு எண்ணிக்கை தவறும். இப்படி நான்கு நாள் விளக்கியதன் பயனாக வலக்கால் உறை என் கால் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

“இந்தாங்க அத்தான், நீங்களே போட்டுக்கங்க. உங்க இலக்கணத்துக்கு ஏத்த சைஸ்.”

இதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. கதவில் தொங்கவிடுவதற்காக ‘சத்தம் போட கூடாது’ என்று பூத்தையலில் எழுதியிருந்தார்கள். ஒற்று எங்கே என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ‘க்’ தைத்துச் சேர்த்தாள். இடம் போதாமையால் அது ஒரு கொசுவைப் போலத்தான் உட்கார்ந்திருந்தது, ஆனாலும் உட்கார்ந்திருந்தது. அந்த வெற்றி என்னைச் சற்றுக் கெடுத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெருஞ்சண்டை போர்வையில்தான் மூண்டது. பூப்போட்டதும் கோடு போட்டதுமான துண்டுத் துணிகளைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, நடுவே பஞ்சு பரப்பி, அடியில் மெத்தென்ற மஞ்சள் துணி கொடுத்து மனைவி தைத்த போர்வை அது. மூன்று மாத உழைப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் உயிரெழுத்து, அருகே துணியில் வெட்டித் தைத்த படம். அ என்றால் அணில், ஆ என்றால் ஆமை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை, மருமகளுக்குத் தோன்றிவிட்டது.

ஐ வரையில் அமைதியாகவே சென்றது. ஐ இருந்த கட்டத்தில் கூம்பு வடிவில் ஏதோ இருந்தது.

“இது என்ன?” என்றேன்.

“ஐஸ்கிரீம்” என்றாள் மனைவி.

“அது தமிழ்ச்சொல்லா?”

“குழந்தை அதையா கேட்கப் போகுது? சாப்பிடத் தெரிஞ்சா போதும்.”

“‘ஐயம்’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறதே.”

“ஐயத்தை எப்படி அத்தான் துணியில வெட்டுறது?” என்றாள் தங்கை, ஊசியை நிறுத்தாமலே. “வேணும்னா உங்க மூஞ்சியை வெட்டி ஒட்டலாம். அது எப்பவும் சந்தேகமாத்தான இருக்கு.”

ஐஸ்கிரீம் நிலைத்தது. ஔ இருந்த கட்டத்துக்கு மட்டும் நான் சொன்ன ‘ஔடதம்’ ஏற்கப்பட்டு, ஒரு மருந்துப் புட்டி இடம்பெற்றது.

“குழந்தை ரூம்ல மருந்து பாட்டிலா, மாமா?” என்று மருமகள் முகம் சுளித்தாள்.

“ஔவையாரைத் தவிர, ஔகாரத்தில் தொடங்கும் வேறொரு சொல்லை நீயே சொல் அம்மா.”

அறை ஐந்து நிமிடம் அமைதியாக இருந்தது. அந்த ஐந்து நிமிடத்தை நான் இன்றும் எடுத்து எடுத்து நினைத்துக்கொள்வதுண்டு.

அதன்பின்தான் கட்டங்களை எண்ணினேன். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு.

“ஆய்தம் எங்கே?”

“எது?” என்றாள் மனைவி.

“ஃ. மூன்று புள்ளி.”

“அதுக்கு இடமில்லைங்க. நாலு மூணு பன்னண்டு. பதிமூணாவதா ஒண்ணு வச்சா போர்வைக்கு வால் முளைச்ச மாதிரி தொங்கும்.”

“தமிழ் எழுத்துகள் இருநூற்று நாற்பத்தேழு. அவற்றுள் ஒன்றைத் தூக்கி எறிய உனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? அது உயிரும் அன்று, மெய்யும் அன்று, தனித்து நிற்பது. அரை மாத்திரை அளவே ஒலிப்பது என்பதற்காக...”

“அரை மாத்திரையா?” தங்கை திடுக்கிட்டவள் போல நிமிர்ந்தாள். “யாருக்கு உடம்பு சரியில்ல?”

மனைவி சிரிக்கவில்லை. விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். “உயிரும் இல்ல. மெய்யும் இல்ல. யாரோடயும் ஒட்டாம தனியா நிக்கும். சத்தம் அரை மாத்திரைதான் வரும். கடைசி ஒண்ணைத் தவிர மத்ததெல்லாம் உங்களுக்கு அப்படியே பொருந்துதுங்க.”

மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கர்ப்பிணியைச் சிரிக்க வைத்த புண்ணியம் எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது ஆய்தம். ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் நாளில் புதிய வகுப்பிடம் எழுத்துகள் எத்தனை என்று கேட்பேன். இருநூற்று நாற்பத்தாறு என்று வகுப்பே கூவும். அந்த ஒன்றை மீட்டெடுப்பதுதான் என் முதல் பாடம். முப்பத்து நான்கு முறை மீட்டெடுத்தேன். இப்போது என் கூரையின் கீழ், என் படிப்பறையில், என் பேரக்குழந்தை அந்த எழுத்து இல்லாத போர்வையில் படுத்து வளர்வதா?

“நாளைக்கு ஓரப்பட்டி வச்சு அடிச்சிட்டா போர்வை முடிஞ்சுது” என்றாள் மனைவி. “அதுக்கப்புறம் யாரும் அதுல கை வைக்கக் கூடாது.”

யாரும் என்பதன் பொருள் நான்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு அக்காளும் தங்கையும் ஓரப்பட்டி வாங்கக் கடைக்குப் புறப்பட்டார்கள். மருமகள் அடுத்த அறையில் உறங்கினாள். நான் குழந்தை அறைக்குள் நுழைந்து, முக்காலியில் அமர்ந்து, போர்வையைத் தொடைமேல் விரித்துக்கொண்டேன். ஔ இருந்த கட்டத்தை அடுத்து, கீழ் மூலையில், வெறுந்துணியாக நான்கு விரல் அகலம் இருந்தது. பட்டி வைத்தாலும் மூன்று விரல் மிஞ்சும். முப்புள்ளிக்கு அது தாராளம்.

பொத்தான்கள் வைக்கலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் என்று மருமகள் பொத்தான்களை முன்பே தடை செய்திருந்தாள். ஆகவே சிவப்புக் கம்பளி நூலை ஊசியில் கோத்து, ஒரே இடத்தில் பலமுறை குத்தி இழுத்து, திரண்ட முடிச்சுகளாகப் புள்ளிகளை அமைத்தேன். எனக்குத் தைக்கத் தெரியாது என்று யாரும் எண்ண வேண்டாம். ஆண்டுதோறும் விடைத்தாள் கட்டுகளைக் கோணி ஊசியால் தைத்தவன் நான். அதில் விதி ஒன்றே ஒன்றுதான்: ஊசி மேல்தாளில் நுழைந்தால் அடித்தாள் வரை ஊடுருவ வேண்டும், ஒரு தாளும் தப்பக் கூடாது. அதே முறையில் அழுத்திக் குத்தினேன். தொடையில் இரண்டு மூன்று முறை சுருக்கென்றது. கற்கும்போது சற்று வலிக்கத்தான் செய்யும் என்று என் மாணவர்களுக்குச் சொன்னதை எனக்கே சொல்லிக்கொண்டேன். மூன்று புள்ளிகள், புள்ளிக்கு மூன்று முடிச்சு, யாராலும் அவிழ்க்க இயலாதவாறு.

நூலைக் கடித்து அறுத்த அந்த நொடியில் வாசற்கதவு திறந்தது. கடை அடைத்திருந்ததாம்.

போர்வையை இருந்த இடத்தில் வைத்துவிட எழுந்தேன். போர்வையும் எழுந்தது. வலத்தொடையின் துணி அதோடு எழுந்தது. குளிருக்காக நான் அணிந்திருந்த தடித்த, தொளதொள என்ற சாம்பல் நிறக் கால்சட்டையும், போர்வையும், இடையே இருந்த பஞ்சும் ஒரே விடைத்தாள் கட்டாக ஆகியிருந்தன. அமர்ந்துவிட்டேன்.

“இங்க என்ன பண்றீங்க?” என்றாள் மனைவி.

“போர்வையின் அழகைக் கண்டு மகிழ்கிறேன்.”

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். திருமணமான நாள் முதல் நான் அவள் தைத்த எதையும் கண்டு மகிழ்ந்ததில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

“எழுந்திருங்க. பழைய பட்டி ஒண்ணு கிடக்கு, அதையே வச்சு அடிச்சுடறேன்.”

“இன்னும் சிறிது நேரம் மகிழ்கிறேன்.”

“அத்தான் மடியில போர்வையைப் போட்டுக்கிட்டு குளிர் காயறார், அக்கா” என்று சொல்லிக்கொண்டே தங்கை போர்வையின் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். நான் முக்காலியோடு ஓர் அடி நகர்ந்தேன். அவள் மீண்டும் இழுத்தாள். மீண்டும் நகர்ந்தேன். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அவளை நிற்க விடவில்லை.

அந்த ஓசையில் மருமகள் எழுந்து வந்தாள். மூவரும் என் தொடையைச் சுற்றி நின்று, மருத்துவர்கள் நோயாளியைப் பற்றிப் பேசுவதைப் போல, என்னை விட்டுவிட்டு என்னைப் பற்றிப் பேசினார்கள். மனைவி முடிச்சுகளை விரலால் நெருடிப் பார்த்தாள்.

“இதை அவிழ்க்க முடியாது. கயிறு மாதிரி போட்டு வச்சிருக்கார். பிடுங்கினா பஞ்சு வெளிய வந்துடும், துணி கிழிஞ்சுடும்.” பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். “போர்வைக்கு மூணு மாசம் உழைச்சிருக்கேன். இந்தக் கால்சட்டைக்கு நான் ஒண்ணும் உழைக்கல.”

குளிர்ந்த இரும்பு தொடையில் பட்டது.

“ஐயோ, பாத்து! வெட்டிடாத!” என்று கத்திவிட்டேன்.

கத்தரிக்கோல் நின்றது. அறையே நின்றது.

“அக்கா, கேட்டியா?” தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “‘வெட்டிவிடாதே’ இல்ல. ‘வெட்டிடாத’! அத்தான் வாயிலேர்ந்து! தேதியை எழுதி வச்சுக்க!”

கத்தரிக்கோல் வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. உள்ளங்கை அளவு சாம்பல் துணியை அடியில் ஒட்டிக்கொண்டு போர்வை என்னை விட்டுப் பிரிந்தது. என் தொடையில் காற்றுப் பட்டது. மனைவி அடுத்து அந்தச் சிவப்பு முடிச்சுகளின் பக்கம் கத்தரிக்கோலின் நுனியைத் திருப்பினாள்.

“இதையும் மேலாக நறுக்கிட்டா தெரியாது.”

மூன்று புள்ளிகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கால்சட்டை போனது போகட்டும். அந்த மூன்றும் போனால், அடுத்த மாதம் பிறக்கும் குழந்தை பன்னிரண்டோடு நின்றுவிடும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். எந்த நடையில் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

“இருங்க அத்தை” என்றாள் மருமகள். போர்வையை வாங்கிக் கண்களை மூடிக்கொண்டு மூலையைத் தடவினாள். “மத்த எழுத்தெல்லாம் வழுவழுன்னு இருக்கு. இது மட்டும்தான் கைக்கு மேடா தட்டுப்படுது. குழந்தைக்குக் கண்ணு சரியாத் தெரியறதுக்கு முன்னாடி விரல் இதைத்தான் தேடும். இருக்கட்டும்.”

“கோணலா இருக்கும்மா. மேல் புள்ளி ஒரு பக்கமாச் சாய்ஞ்சிருக்கு.”

“இருக்கட்டுமே.”

“முதல்ல இதைத்தான் படிக்கப் போகுதா?” என்றாள் மனைவி.

“இதைத்தான்” என்றேன் நான், மெல்ல.

அவள் என்னைப் பார்த்தாள். கிழிந்த தொடையைப் பார்த்தாள். போர்வையைத் திருப்பி, மஞ்சள் துணியில் ஒட்டிக்கொண்டிருந்த சாம்பல் வட்டத்தைப் பார்த்தாள். தையற்காரிக்கு இரக்கம் வந்தாலும் முதலில் அளவுதான் கண்ணில் படும் போலிருக்கிறது.

“வட்டமா விட்டா நூல் பிரிஞ்சுடும். ஒண்ணு வைக்கறதுன்னு ஆச்சு, ஒழுங்கா சதுரமா வச்சு மடிச்சு அடிக்கணும். அதே துணி இன்னும் கொஞ்சம் வேணும்.” கையை நீட்டினாள். “போங்க. போய் அந்தக் கால்சட்டையைக் கழட்டிக் குடுங்க.”

கிழிசலை அகராதி அட்டையால் மறைத்துக்கொண்டு வெளியேறுவதே முறை. அகராதி கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஆகவே உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மூன்று பெண்களுக்கும் முதுகைக் காட்டியபடியே நடந்து, எங்கள் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினேன். அந்தக் கதவுக்கு வெளியே தங்கையின் குரல் வந்து நின்றது.

“அத்தான், அக்கா காத்துக்கிட்டு இருக்கா. கழட்டியாச்சா?”

கதவை ஒரு சாண் திறந்து, கால்சட்டையைப் பிடித்த கையை மட்டும் வெளியே நீட்டினேன்.

“‘கழட்டி’ அன்று” என்றேன். “‘கழற்றி’.”